பழைய ஜீப்பின் பின்பக்கப் பூட்டுப் பெட்டி: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

எங்கள் ஜீப் சி.ஜே. 3பி. 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை உதிரியாக இறக்கி இங்கே கோக்கத் தொடங்கிய மகிந்திராவின் வழியில் வந்த வண்டி, அந்த நெட்டைப் பானெட்டோடு. அதன் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். சக்கர மேட்டின் மேல் எதிரெதிரே இரண்டு நீள சீட், சங்கிலியில் தொங்கும் பின்பலகை, மேலே படுதா. பூட்டு என்று ஒன்று கிடையாது. சேலத்தில் சாமான் வாங்கிப் போட்டுக்கொண்டு ஏற்காடு ஏறி, ஒண்டிக்கடையில் டீ குடிக்க நிறுத்தினால் ஒரு கண் டீயிலும் ஒரு கண் வண்டியிலும்தான்.

அதனால்தான் பூட்டுப் பெட்டி. செவ்வாய்ப்பேட்டையில் தகரம் வாங்கி, தெரிந்த பட்டறையில் வளைத்து, நாலு மூலையில் நாலு போல்ட் அடித்து முடுக்கிவிட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆறு மாதத்தில் அந்தப் பெட்டி எனக்கு ஒவ்வொரு கோளாறாகக் காட்டியது. இப்போது ஓடுவது மூன்றாவது பெட்டி. முதல் இரண்டிலும் செய்த தப்பு ஒன்றுதான்: ஜீப்பைச் சுவர் என்று நினைத்து அதில் அலமாரி மாட்டினேன். ஜீப் சுவர் இல்லை. அது முறுக்கும், நெளியும், அதற்காகவே செய்யப்பட்ட வண்டி. கீழே வரும் முதல் இரண்டு கோளாறுகளுக்கு இதுதான் வேர்.

உங்கள் பெட்டியில் எது தெரிகிறதோ அந்த இடத்தைப் படியுங்கள். அதற்கு முன் எல்லாருக்கும் பொதுவாக மூன்று வேலை. பெட்டியைக் காலி செய்யுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். எல்லா நட்டையும் கையால் தொட்டு எது தளர்ந்திருக்கிறது என்று பாருங்கள், ஆனால் முடுக்காதீர்கள். முடுக்கிவிட்டால் எது தளர்ந்திருந்தது என்ற தடயம் போய்விடும்.

"வீட்டில் திறக்கிறது, மலையில் சாவி திரும்ப மாட்டேன் என்கிறது"

பழி முதலில் பூட்டின் மேல் விழும். எண்ணெய் விடுவோம், கொஞ்சம் தட்டுவோம். தோட்டத்துப் பாதையில் ஒரு சக்கரம் கல் மேல் ஏறி நிற்கும்போது மட்டும் திறக்காமல், வீட்டு வாசலில் வழுக்கிக்கொண்டு திறந்தால் பூட்டு குற்றவாளி இல்லை. பெட்டியின் வாய் கோணிக்கொள்கிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. சமதரையில் மூடியைத் திறந்து, பெட்டி வாயின் மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இடது பின்சக்கரத்தை மட்டும் ஒரு ஹாலோ பிளாக் உயரத்துக்குக் கட்டை மேல் ஏற்றி, மறுபடி அளந்து பாருங்கள். எனக்கு ஐந்து மி.மீ. வித்தியாசம் வந்தது. சின்னதாகத் தோன்றும். ஆனால் பூட்டின் நாக்கு போய் விழும் ஓட்டையில் இருக்கும் இடைவெளி அதில் பாதிகூட இல்லை.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த கோளாறுக்கும் இதே காரணம். ஜீப்பின் அடியில் இருப்பது ஏணி மாதிரி ஒரு சேசிஸ். ஒரு சக்கரம் மேலே ஏறினால் ஸ்பிரிங் பட்டை பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்துக்கு சேசிஸ் முறுக்கிக் கொடுக்கும். அதன் மேல் ரப்பர் வைத்து உட்கார்ந்திருக்கும் பாடி, தன் பங்குக்குக் கொஞ்சம் முறுக்கும். அந்தப் பாடியின் நாலு மூலையில் உங்கள் பெட்டியை இறுக்கிவிட்டால் பெட்டியும் கூடவே முறுக்கியாக வேண்டும். கட்டில் நாலு கால் என்பதால்தான் மேடு பள்ளத்தில் ஆடுகிறது. மூணு கல் அடுப்பு எந்தத் தரையில் வைத்தாலும் ஆடாது. கல் ஒன்று தாழ்ந்திருந்தால் பானை சாயுமே தவிர, கோணாது.

ஆகவே பெட்டியையும் மூணு கல்லில் வையுங்கள். முன்பக்கம் இரண்டு மூலையில் இரண்டு போல்ட், பின்பக்கம் நடுவில் ஒன்றே ஒன்று. மூன்றிலும் பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் பத்து மி.மீ. கனமுள்ள கெட்டி ரப்பர். எம்10 போல்ட் போதும், 8.8 என்ற பலக்குறி தலையில் அடித்திருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் கால்வாசி நசுங்கும் வரை முடுக்கி நிறுத்திவிட வேண்டும். நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் வைத்தது) போட்டால் அதற்கு மேல் முடுக்காமலே நிற்கும். பின்னால் இருந்த இரண்டு மூலை ஓட்டையை அடைத்துவிடுங்கள், தண்ணீருக்கும் தூசிக்கும் வழி வேண்டாம்.

இதைச் சொன்னபோது எங்கள் பட்டறைக்காரருக்குப் பிடிக்கவில்லை. "ஏனுங்ண்ணா, நாலு போட்டாத்தான பலம்? மூணு போட்டா நாளைக்கு என்னையத்தான் சொல்லுவீங்க" என்றார். லாரிக்குப் பாடி கட்டிப் பழகிய கை அவருடையது. லாரியின் அடியில் தொங்கும் டூல் பாக்ஸ் சின்னது, சேசிஸின் ஒரே நீளச் சட்டத்தில் மாட்டியிருக்கும், அதற்கு முறுக்கல் தெரியாது. பாடிக்குக் குறுக்கே படுத்திருக்கும் நம் பெட்டிக்குத் தெரியும்.

உடனே மூன்று போல்ட்டுக்கு மாற்ற வசதி இல்லை என்றால் தற்காலிக வழி ஒன்று: பூட்டு நாக்கு விழும் ஓட்டையைப் பக்கவாட்டில் மூன்று மி.மீ. அரத்தால் நீட்டி விடுங்கள். திறக்கும். ஆனால் அடுத்த கோளாறு வரிசையில் நின்றுகொண்டிருக்கும்.

"போல்ட் ஓட்டையிலிருந்து தகரத்தில் விரிசல் ஓடுகிறது"

படுதாவைத் தூக்கித் தரையைக் கழுவும்போதுதான் இது கண்ணில் படும். ஓட்டையின் ஓரத்தில் தலைமுடி அளவு ஒரு கோடு, அதைச் சுற்றி துரு நிறத்தில் ஒரு கறை. கறை தெரிந்தால் விரிசல் பழசு என்று அர்த்தம்.

இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஒன்று, போல்ட்டின் கீழே சின்ன வாசர் மட்டும் போட்டிருக்கிறீர்கள். அத்தனை இழுப்பும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குள் வந்து நிற்கிறது. இரண்டாவது, போல்ட்டைத் தரைத் தகரத்தோடு நிறுத்தாமல் நீளமாக எடுத்து சேசிஸ் வரைக்கும் துளைத்திருக்கிறீர்கள். பலம் என்று நினைத்துச் செய்வது இது. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் ரப்பர் வைத்ததே இரண்டும் தனித்தனியாக அசையட்டும் என்றுதான். நீங்கள் குறுக்கே ஆணி அடித்துக் கட்டிப்போட்டால், நடுவில் இருக்கும் மெல்லிய தகரம் கிழிந்துதான் வழிவிடும். பாடியில் மாட்டினால் பாடியோடு நிறுத்துங்கள். சேசிஸில் மாட்ட வேண்டும் என்றால் பாடியைத் தொடாமல் மாட்டுங்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டாதீர்கள்.

விரிசலின் நுனி எங்கே முடிகிறது என்று நல்ல வெளிச்சத்தில் தேடி, அந்த நுனியில் மூன்று மி.மீ. துளை ஒன்று போடுங்கள். கூர்மையான நுனி வட்டமாகிவிட்டால் விரிசல் மேலே ஓடாது. துளையை நுனிக்கு முன்பே போட்டுவிட்டால் பயனில்லை, கோடு அதைத் தாண்டிப் போயிருக்கும். பிறகு தரைக்கு அடியில் 100-க்கு 100 மி.மீ. அளவில், நாலு மி.மீ. கனத் தட்டு ஒன்று. மூலைகளை உருட்டி விடுங்கள், கூர் மூலை இருந்தால் அதுவே அடுத்த விரிசலைத் தொடங்கும். முடிந்தால் அந்தத் தட்டு தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் சேனல் வரைக்கும் எட்டட்டும்.

இந்தத் தட்டிலேயே போல்ட்டைத் தலைகீழாக, தண்டு மேலே பார்க்கும்படி பற்றவைத்து விடுங்கள். தண்டு தரை வழியாகப் பெட்டிக்குள் வரும், நட்டு பெட்டிக்குள் இருக்கும். இதன் அருமை திருட்டைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

எச்சரிக்கை ஒன்று. இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பின்பக்கம்தானே என்று ஜீப்பின் மேலேயே வைத்து வெல்டிங் செய்யாதீர்கள். பெட்டி, தட்டு எல்லாவற்றையும் கீழே வைத்துப் பற்றவைத்து, ஆறிய பிறகு வண்டியில் போல்ட்டால் மட்டும் மாட்டுங்கள். ஜி.ஐ. தகரமாக இருந்தால் வெல்டிங் படும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும் நிச்சயம். பற்றவைத்த இடத்துக்கு அப்புறம் சிங்க் பிரைமர் அடிக்காவிட்டால் முதல் மழைக்கே அங்கே துரு பூக்கும்.

"தடதடக்கிறது"

என்ன சத்தம், எப்போது என்று பிரித்துக்கொள்ளுங்கள். காலிப் பெட்டியோடு அடிவாரத்திலிருந்து இரண்டாவது கொண்டை ஊசி வளைவு வரை ஒரு ஓட்டம், சாமானோடு இன்னொரு ஓட்டம். மொத்தம் இருபது வளைவு இருக்கிறது. இரண்டே போதும்.

காலியாக ஓடும்போதும் சத்தம் வந்தால் மூடி அல்லது கீல். மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து ஒருவர் அழுத்திக்கொண்டு வரட்டும். சத்தம் நின்றால் மூடியின் உட்புறம் ஓடும் ரப்பர் பட்டி, அதாவது பீடிங், நசுங்காமல் இருக்கிறது, பூட்டின் கொண்டியைக் கீழே இறக்குங்கள். நிற்கவில்லை என்றால் கீல் ஆணி தேய்ந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட எஞ்சின் வேகத்தில் மட்டும் தம்பட்டம் மாதிரி அதிர்ந்தால் அது தட்டையான தகரத்தின் குணம். மூடியில் மூலைக்கு மூலை எக்ஸ் மாதிரி லேசாக மடிப்பு எடுத்தால் அடங்கும். புதுப் பெட்டி செய்பவர்கள் அதை முதலிலேயே எடுத்துவிடுங்கள், பட்டறையில் ஐந்து நிமிட வேலை.

சாமான் போட்டால் மட்டும் சத்தம் என்றால் பெட்டியைத் திட்டாதீர்கள். ஜாக்கியும் ஸ்பேனரும் பழைய சாக்கில் சுற்றப்பட்டு, குறுக்குத் தடுப்புக்குள் உட்கார வேண்டும். பிரேக் போடும்போது மட்டும் ஒரு "டொக்" வந்தால் அதை அலட்சியம் செய்ய வேண்டாம். உள்ளே கனமான ஏதோ ஒன்று முன்னால் ஓடி மோதுகிறது. இறக்கத்தில் அது ஒவ்வொரு வளைவிலும் மோதும், முன்பக்கத்துப் போல்ட் இரண்டும் அதைத் தாங்க வேண்டும். கனமான சாமானைப் பெட்டியின் முன் சுவரில் ஒட்டியே வையுங்கள், ஓடுவதற்கு இடமே இருக்கக் கூடாது.

"உள்ளே தண்ணீர்"

தண்ணீர் மூன்று வழியாக வரும். எந்த வழி என்று தெரியாமல் சிலிகான் பிதுக்குவது வீண். நான் இரண்டு டியூப் பிதுக்கிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

பெட்டிக்குள் அடித்தரை முழுக்கச் செய்தித்தாள் விரித்து, மூடி, ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். மூடியின் விளிம்பை ஒட்டி ஓரமாக நனைந்திருந்தால் மேலிருந்து மழை. நடுவில் திட்டுத் திட்டாக, மண் கலந்து நனைந்திருந்தால் சக்கரம் அடிக்கும் சேறு போல்ட் ஓட்டை வழியாகவோ வடிகால் ஓட்டை வழியாகவோ ஏறுகிறது. மழையே இல்லாத நாளில் தாள் முழுக்கச் சீராக ஈரமாகி, மூடியின் உட்புறம் முத்து முத்தாகத் துளி நின்றால் அது வெளித் தண்ணீர் இல்லை. உள்ளே இருந்த காற்றின் ஈரம்.

இந்த மூன்றாவதுதான் நம் ஊர்ச் சிக்கல். சேலம் கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்குள், ஏற்காடு 1500 மீட்டர். ஒரு மணி நேர ஏற்றத்தில் எட்டு டிகிரி அளவுக்குக் குளிர்கிறது, ஐப்பசி கார்த்திகையில் மேகத்துக்குள்ளேயே நுழைந்து போகிறோம். கீழே சேலம் லீ பஜாரில் ஈரச் சாக்கைப் போட்டு மூடிய பெட்டி, மேலே போகும்போது தகரம் குளிர்ந்து உள்ளுக்குள்ளேயே மழை பெய்யும். அடைக்க அடைக்க இது கூடும். பீடிங்கை நெருக்கினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மோசமாகும். பக்கவாட்டில் மேல் ஓரமாகக் கொசுவலைக் கம்பி வைத்த சின்ன மூச்சு ஓட்டை இரண்டு விடுங்கள், படுதாவின் நிழலில் இருக்கும்படி. சாமான் தகரத்தைத் தொடாதபடி அடியில் மரச்சட்டம். ஈரக் கயிறும் சாக்கும் பெட்டிக்கு வெளியே.

மூச்சு ஓட்டை வேறு ஒன்றுக்கும் உதவும். மலை மேல் மூடிய காலித் தண்ணீர் பாட்டில் கீழே வரும்போது நசுங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், மேலே காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. நன்றாக அடைத்த பெட்டியும் அதே மாதிரி மூச்சு முட்டும். இறங்கி வந்ததும் மூடி பிடித்துக்கொண்ட மாதிரி இருப்பது அதனால்தான்.

மேலிருந்து வரும் மழைக்கு மருந்து பெட்டி வாயில்தான் இருக்கிறது. வாய் விளிம்பு இருபது மி.மீ. மேல்நோக்கி எழுந்து நிற்க வேண்டும், மூடியின் ஓரம் அதைத் தாண்டி வெளியே கீழே மடிந்திருக்க வேண்டும், ஓட்டு வீட்டில் ஓடு சுவரைத் தாண்டி நிற்கிற மாதிரி. ரப்பர் பீடிங் அந்த எழுந்த விளிம்பின் தலையில் அழுந்தும். அழுந்துகிறதா என்று பார்க்க, விளிம்பில் சாக்பீஸ் தேய்த்து மூடித் திறங்கள். ரப்பரில் வெள்ளைக் கோடு எங்கே விட்டுப் போயிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை.

சேறு ஏறும் ஓட்டைக்கு: வடிகால் ஓட்டையை அடைக்காதீர்கள், தண்ணீர் உள்ளே தேங்கினால் அடித்தகரம் ஒரே வருஷத்தில் போய்விடும். அதில் ஒரு சாண் ரப்பர் குழாய் செருகி, நுனியைச் சாய்வாக வெட்டி, வெட்டு வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி விடுங்கள். உள்ளிருப்பது இறங்கும், சக்கரம் அடிப்பது ஏறாது.

"பூட்டு அப்படியே இருக்கிறது, சாமானைக் காணோம்"

கீலைப் பாருங்கள். வெளியே தெரிகிற கீலின் ஆணியை ஒரு ஸ்க்ரூடிரைவரும் கல்லும் இருந்தால் அரை நிமிடத்தில் தட்டி எடுத்துவிடலாம். பூட்டுப் பக்கம் பூட்டியபடி இருக்க, கீல் பக்கம் மூடி திறக்கும். எடுத்தவர் நல்லவராக இருந்தால் ஆணியைத் திரும்பச் செருகிவிட்டும் போவார். என்னிடமிருந்து போனது ஒரு காபிப் பழம் எடுக்கும் படுதாவும் கவாத்துக் கத்திகள் இரண்டும். யார் என்று இன்றுவரை தெரியாது, எந்த வளைவில் என்றும் தெரியாது.

ஆணியின் இரண்டு நுனியிலும் ஒரு பொட்டு வெல்டிங் வையுங்கள். அதோடு மூடியின் கீல் பக்க உள்விளிம்பில் பத்து மி.மீ. கம்பித் துண்டு இரண்டைப் பற்றவைத்து, மூடும்போது அவை பெட்டி விளிம்பின் ஓட்டைக்குள் போய் உட்காரும்படி செய்யுங்கள். அப்புறம் ஆணியைப் பிடுங்கினாலும் மூடி நகராது.

கீல் சரியாக இருந்தால் மூலையைப் பாருங்கள். ஒற்றைப் பூட்டு நடுவில் இருக்கும் மூடியின் மூலையை டயர் லிவரால் நெம்பி, கை நுழைகிற அளவுக்குத் தூக்கியிருப்பார்கள். 18 கேஜ் தகரம் 1.2 மி.மீ.தான், இதற்கு நிற்காது. பூட்டு இரண்டாக வேண்டும், மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி. முன்பு சொன்ன கீழ்நோக்கி மடிந்த ஓரமும் இங்கே உதவும், லிவர் நுழைய இடுக்கே இருக்காது.

பெட்டியையே காணோம் என்றால் அது போல்ட் கதை. நட்டு தரைக்கு அடியில் இருக்கும்படி மாட்டினால், 17-ஆம் நம்பர் ஸ்பேனரோடு ஜீப்புக்கு அடியில் படுப்பவருக்கு உங்கள் பூட்டு எவ்வளவு விலை என்ற கவலையே இல்லை. தட்டில் பற்றவைத்த தண்டு, பெட்டிக்குள் நட்டு என்று சொன்னேனே, அது இதற்காகத்தான். அடியிலிருந்து பார்த்தால் மழுங்கிய தட்டு மட்டும் தெரியும், பிடிப்பதற்கு எதுவும் இருக்காது.

தொங்கு பூட்டு போடுகிறவர்கள் அதன் வளையம் வெளியே தெரியாதபடி ஒரு பைப் துண்டுக்குள் பூட்டு ஒளிந்திருக்கும்படி செய்துகொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும் கிரைண்டரோடு வருபவரை எந்தப் பெட்டியும் தடுக்காது. நாம் டீ குடித்து முடிக்கும் வரை தாக்குப்பிடித்தால் போதும்.

எவர்சில்வர் பெட்டி வேண்டுமா என்று சேலத்தில் கேட்காத ஆள் இல்லை. உருக்காலையே இங்கே இருக்கும்போது கேட்கத்தான் செய்வார்கள். துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் பளபளவென்று "உள்ளே ஏதோ இருக்கிறது" என்று ஊருக்குச் சொல்லும். அதைவிட, ஈரத்தில் எவர்சில்வர் நேராக இரும்புத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் துரு பெட்டிக்கு வராமல் ஜீப்புக்கு வரும். செய்தே தீருவேன் என்பவர்கள் நடுவில் முழு அகலத்துக்கும் ரப்பர் விரியுங்கள், இரும்போடு பற்றவைக்கும் இடத்தில் 309 என்ற எண்ணுள்ள வெல்டிங் ராடு கேளுங்கள். சாதா ராடு போட்டால் அந்த இணைப்பு விரிசல் விடும். எனக்கு 18-ஐவிடக் கனமான 16 கேஜ் இரும்பும் மங்கலான கறுப்பு பெயின்ட்டும் போதும்.

"பூட்டு திறந்திருக்கிறது, திருடன் குரங்கு"

சிரிக்க வேண்டாம். ஏற்காடு ரோட்டு வளைவுகளில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளுக்கு இழுத்தால் திறக்கும் கொக்கி எல்லாம் அத்துப்படி. பூட்டாமல் கொண்டியை மட்டும் மாட்டிவிட்டுப் போனால் அதைத் தூக்கிவிடும். திருப்பினால் மட்டுமே திறக்கும் 'T' வடிவக் கைப்பிடி இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். பெட்டிக்குள் வாழைப்பழம் வைக்காமல் இருப்பது அதைவிடச் சிறந்த பூட்டு.

"சாவி உள்ளே போகிறது, அரைகுறையாகத் திரும்புகிறது"

சமதரையிலும் இப்படி என்றால் தூசி. கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் தூசியும் தோட்டத்துச் செம்மண்ணும் சேர்ந்து சாவித் துவாரத்தில் எண்ணெயோடு குழைந்து பசையாகியிருக்கும். எண்ணெய் விட்டவர் நீங்கள்தான். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, பென்சில் கரியைத் தூளாக்கி உள்ளே ஊதுங்கள். துவாரத்தின் மேல் ரப்பர் மூடி ஒன்று தொங்கட்டும்.

பெட்டிக்குள் தூசி படிவதும் இதோடு சேர்ந்ததுதான். பின்பக்கம் திறந்த வண்டி ஓடும்போது பின்னால் காற்று வெற்றிடம் போல இழுக்கும், சக்கரம் கிளப்பும் தூசி திரும்பி உள்ளேதான் வரும். படுதாவின் பின் மடலைக் கட்டி ஓட்டிப் பாருங்கள், பாதி குறையும். மீதியைச் சாக்பீஸ் சோதனையில் பிடியுங்கள்.

"பெட்டி மாட்டிய நாளிலிருந்து பின் விளக்கு மினுக்குகிறது"

துளை போடும்போது பாடியின் உள்ஓரமாகப் பின் விளக்குக்குப் போகும் ஒயரை டிரில் தொட்டிருக்கும், அல்லது பெட்டியின் அடி அதை நசுக்கியிருக்கும். அதுவும் இல்லை என்றால் புது பெயின்ட் அடித்தபோது எர்த் ஒயர் உட்காரும் இடத்திலும் அடித்திருப்பீர்கள். அங்கே சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிய வைத்து, எர்த்தை மாட்டி, மேலே கிரீஸ் தடவுங்கள். அடுத்த முறை டிரில் எடுப்பதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், தரைக்கு அடியில் குனிந்து ஒரு தடவை பாருங்கள்.

"ஏற்றத்தில் ஸ்டீயரிங் லேசாகிவிட்டது"

இது கோளாறு இல்லை, கணக்கு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இந்த வண்டியில் 80 அங்குலம், அதாவது 203 செ.மீ. 90 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரத்துக்கு 16 கேஜில் பெட்டி செய்தால் தகரம் மட்டும் 22 கிலோ, கீலும் பூட்டும் சேர்ந்து 25. சாமான் 55 கிலோ என்று வையுங்கள், மொத்தம் 80. இந்தக் கனத்தின் மையம் பின் அச்சுக்கு 40 செ.மீ. பின்னால் இருந்தால் முன் சக்கரத்திலிருந்து சுமார் 16 கிலோவை அது தூக்கிவிடும். கேட்பதற்குப் பெரிதில்லை. பின்பலகையில் ஸ்டெப்னியும் தொங்கி, பின் சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து, வண்டி மூக்கைத் தூக்கி வளைவு ஏறும்போது எல்லாம் ஒன்றாகக் கூடும். எதிரே வருகிறவர் விளக்கைப் போட்டு உங்களைத் திட்டுவதும் இதனால்தான், உங்கள் முன் விளக்கு அவர் கண்ணைப் பார்க்கிறது.

பெட்டியைப் பின்பலகையோடு ஒட்டாமல் முன் சீட்டின் முதுகோடு ஒட்டி வையுங்கள். அதே 80 கிலோ அங்கே பின் அச்சுக்கு முன்னால் விழும், முன் சக்கரத்துக்கும் கொஞ்சம் பங்கு போகும். பின்னாலிருந்து எடுக்கக் கை நீட்ட வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் சிரமம். பட்டறையில் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போடலாம் என்பார்கள். போட்டால் வால் தூக்கும், முன் சக்கரத்தின் கனம் திரும்பி வராது. காலியாக ஓடும்போது எலும்பு எண்ணிக்கொள்ளலாம்.

"பெட்டியைத் திறந்தால் பெட்ரோல் வாசனை"

கேனை உடனே வெளியே எடுங்கள். பூட்டிய தகரப் பெட்டிக்குள் பெட்ரோல் கேன் வைக்கவே கூடாது. மலை ஏறும்போது கேன் உப்பி மூடி வழியாக ஆவி விடும், கீழே சைலன்சர் சூடு வேறு. கேன் எதுவும் இல்லாமலே வாசனை வந்தால் பெட்டியை விட்டுவிட்டு டேங்க், குழாய் இணைப்புகளைப் பாருங்கள்.

"எஃப்.சி.யில் நிறுத்திவிட்டார்கள்"

பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும், வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்; அந்தத் தகுதிச் சோதனையைத்தான் எஃப்.சி. என்கிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கும் வண்டிக்கும் பொருந்தாத மாற்றத்தை அனுமதிப்பதில்லை. பெட்டிக்காகப் பக்கவாட்டு சீட்டை அறுத்து எடுத்திருந்தால் சீட் எண்ணிக்கையில் இடிக்கும். அறுக்காதீர்கள், சீட் இரண்டும் இருக்க, நடுவில் பெட்டி உட்காரும்படி அளவெடுங்கள். மூன்று போல்ட் பெட்டியின் இன்னொரு சௌகரியம் இங்கேதான்: மூன்று நட்டைக் கழற்றி, இரண்டு பேர் தூக்கித் திண்ணையில் வைத்துவிட்டுப் போகலாம். பாடியில் மிச்சம் நிற்கும் தண்டுகளுக்கு ரப்பர் தொப்பி மாட்டுங்கள், பின்னால் ஏறுகிறவர் காலைக் கிழிக்கும். திரும்பி வந்து மாட்டும்போது பழைய நைலாக் நட்டையே போடாதீர்கள், நைலான் ஒரு முறை அழுந்தியது. போகிற வழியில் புதுசு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள், நான்காவது ஒன்று பாக்கெட்டில் இருக்கட்டும், ஒன்று எப்படியும் உருண்டு தொலையும்.